கருக்கலைப்பு மாத்திரை: போடுவதற்கு முன் தெரிய வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது. வயது 27. முதல் குழந்தைக்கு 14 மாதம், சிசேரியன், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறார். மாதவிலக்கு திரும்ப வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, அதுவும் ஒழுங்காக வருவதில்லை. இப்போது நாள் தள்ளிப்போய், வீட்டில் சோதித்ததில் இரண்டு கோடு. உடனே இன்னொரு குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். நாத்தனார் எங்கிருந்தோ ஒரு மாத்திரை அட்டை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் வீட்டிலேயே போட்டுவிடலாமா, ஆஸ்பத்திரிக்குப் போனால் கணவர் கையெழுத்து கேட்பார்களா, பின்னால் குழந்தை தங்காமல் போய்விடுமா என்று கேட்கிறார்.

அந்த அட்டையை இன்றைக்குப் பிரிக்க வேண்டாம். மாத்திரை கெட்டது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சரியான ஆளுக்குச் சரியான நாளில் கொடுத்தால் இது நம்பகமாக வேலை செய்கிற மருந்து. ஆனால் உங்கள் விஷயத்தில் மூன்று சங்கதிகள் இன்னும் தெரியவில்லை: கருவுக்கு எத்தனை வாரம், அது எந்த இடத்தில் இருக்கிறது, உங்கள் உடம்பில் ரத்தம் எவ்வளவு. மருந்துக்கடைக்காரருக்கும் இது தெரியாது, நாத்தனாருக்கும் தெரியாது. அரை நாள் ஒதுக்கி டாக்டரிடம் போனால் பெரும்பாலும் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும். அரசு மகப்பேறு வார்டுகளில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். மாத்திரை போட்டுவிட்டு மோசமான நிலையில் வந்து சேர்ந்த பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த மூன்றில் ஏதோ ஒன்று பார்க்காமல் விடப்பட்டிருந்தது.

முதலில் அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கடைகளில் 'கிட்' என்று சொல்கிற இதில் ஐந்து மாத்திரைகள். ஒன்று மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். மற்ற நான்கும் மிசோப்ரோஸ்டால், தலா 200 மைக்ரோகிராம். கரு கர்ப்பப்பையில் ஒட்டி வளர புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் வேண்டும். முதல் மாத்திரை அந்த ஹார்மோனை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அதனால் கருவின் பிடிப்பு தளர்கிறது, கர்ப்பப்பையின் வாய் இளகுகிறது. ஒன்றிரண்டு நாள் கழித்துப் போடுகிற நான்கும் கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகின்றன. கரு தானாகக் கலையும்போது உடம்பு செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

முதல் மாத்திரை பிரான்சில் ரூசெல் உக்லாஃப் கம்பெனியில் உருவானது. 1988ல் அங்கே அனுமதி கிடைத்தது. எதிர்ப்பைப் பார்த்துக் கம்பெனியே விற்பனையை நிறுத்தப் பார்க்க, அந்த நாட்டு அரசு தலையிட்டு மறுபடி கொண்டுவர வைத்தது. இரண்டாவது மாத்திரை வயிற்றுப் புண்ணுக்காக வந்த மருந்து. அதற்கு இப்படி ஒரு வேலையும் உண்டு என்பது 1980களில் பிரேசில் நாட்டுப் பெண்கள் நடைமுறையில் கண்டுகொண்டது. டாக்டர்கள் பின்னால்தான் ஆராய்ச்சி செய்தார்கள். இந்தியாவில் மிஃபெப்ரிஸ்டோனுக்கு 2002ல் அனுமதி, இரண்டும் சேர்ந்த கிட்டுக்கு 2008ல். உலக சுகாதார நிறுவனம் 2005லேயே இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இந்த மாத்திரையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இரண்டு மாத்திரைகள் உண்டு. ஒன்று ஐ-பில் போன்ற அவசரக் கருத்தடை மாத்திரை. அது உறவு முடிந்த 72 மணி நேரத்துக்குள், கரு உண்டாகாமல் தடுக்கப் போடுவது. இரண்டு கோடு விழுந்தபிறகு அதனால் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, 'பீரியட்ஸ் வர்றதுக்கு மாத்திரை' என்று கேட்டால் சில கடைகளில் எடுத்துக் கொடுக்கும் நார்எதிஸ்டிரோன். அது புரொஜெஸ்டிரோன் வகை மருந்து, கருவைக் கலைக்காது. அதைப் போட்டுவிட்டு 'இன்னும் வரலையே' என்று பத்து நாள் காத்திருந்து, வாரத்தை வீணாக்கிவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். பப்பாளியும் எள்ளுருண்டையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருபவர்களும் அப்படித்தான், நாள்தான் போகும்.

சரி, அந்த மூன்று சங்கதிகளுக்கு வருவோம்.

வாரக் கணக்கை உறவு கொண்ட நாளிலிருந்தோ நாள் தள்ளிப்போன தேதியிலிருந்தோ போடுவதில்லை. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து போடுகிறோம். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவருக்கு ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் கணக்கில் ஏற்கெனவே ஐந்து வாரம். 'ஒரு வாரம்தானே தள்ளியிருக்கு' என்று நினைப்பவர்கள் நான்கு வாரத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கிட்டுக்கு இந்தியாவில் உள்ள எல்லை ஒன்பது வாரம், அதாவது 63 நாள். அதற்குமேல் மருந்து வேலையே செய்யாது என்று அர்த்தம் இல்லை. ஆனால் ரத்தப்போக்கும் முழுதாகக் கலையாமல் நின்றுபோகும் வாய்ப்பும் கூடும், மருந்தின் அளவும் முறையும் மாறும், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

உங்கள் சிக்கல் என்னவென்றால், பாலூட்டும் காலத்தில் விலக்கு ஒழுங்காக வராது. கடைசியாக வந்ததாக நீங்கள் நினைப்பது உண்மையான விலக்குதானா, நடுவில் லேசாகப் பட்டதா என்று சொல்ல முடியாது. ஆறு வாரம் என்று நினைத்து வந்தவருக்கு ஸ்கேனில் பதினொரு வாரம் இருப்பதும் நடக்கிறதுதான். தேதி நிச்சயமாகத் தெரிந்த எல்லோருக்கும் ஸ்கேன் கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது கரு எந்த இடத்தில் இருக்கிறது என்பது. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். குழாய்க் கர்ப்பம் என்பார்கள். இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. கரு குழாயில் வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். இதில் ஏமாற வைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. குழாய்க் கர்ப்பத்திலும் கீழே கொஞ்சம் ரத்தம் படும். மாத்திரை போட்டவர் அதைப் பார்த்து 'கலைந்துவிட்டது' என்று நிம்மதியாகிவிடுவார். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டி மயக்கம் வருவது, இவை அதன் அடையாளங்கள். இந்த அடையாளம் எதுவும் வந்தால் நேரம் பார்க்காமல் 108க்குப் போன் செய்ய வேண்டும்.

இங்கே எல்லோருக்குமாக ஒன்று. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பிறகும் நாள் தள்ளிப்போய் இரண்டு கோடு விழுந்தால், அல்லது காப்பர் டி உள்ளே இருக்கும்போதே விழுந்தால், முதல் சந்தேகம் குழாய்க் கர்ப்பம் மேல்தான் வர வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் அதிகம் உள்ள ஊர் நம்முடையது. அவர்கள் கூச்சத்தில் கடை மாத்திரையைத் தேடிப்போவது எனக்கு எப்போதுமே பயம் தருகிற விஷயம். காப்பர் டி இருந்தால் மாத்திரைக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும்.

ரொம்ப சீக்கிரம், ஐந்து வாரத்துக்கு முன் போனால் ஸ்கேனில் எதுவுமே தெரியாமல் இருக்கலாம். அப்போது டாக்டர் ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார், அல்லது கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்.சி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடுக்கச் சொல்வார். இழுத்தடிப்பதாக நினைக்க வேண்டாம்.

மூன்றாவது ரத்தம். நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. பிரசவம், சிசேரியன், பிறகு 14 மாதம் தாய்ப்பால். உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு 11 கிராம் இருப்பவருக்கு ஒரு வாரக் களைப்பு. 7 கிராம் இருப்பவருக்கு அதுவே ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைமை. 8க்குக் கீழே இருந்தால் நான் வீட்டில் மாத்திரை போடச் சொல்லமாட்டேன். ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்றும் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த மூன்று போக, சில நோய் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது: ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட காலமாக எடுப்பவர்கள், அட்ரினல் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள். கட்டுக்குள் இல்லாத ரத்தக் கொதிப்பு, வலிப்பு, இதய நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிசேரியன் ஆனது ஒரு தடை இல்லை. ஒன்பது வாரத்துக்குள் என்றால் தையல் விட்டுவிடுமோ என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை. தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. முதல் மாத்திரை பாலில் மிகக் குறைவாகத்தான் கலக்கும். இரண்டாவது மருந்தால் சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரலாம் என்பதால், பால் கொடுத்துவிட்டு மாத்திரையைப் போட்டு, சில மணி நேரம் விட்டு அடுத்த பால் கொடுக்கச் சொல்வோம்.

இனி கையெழுத்து விஷயம். கருக்கலைப்புச் சட்டம் 1971ல் வந்தது, 2021ல் பெரிய திருத்தம் நடந்தது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய சம்மதம் ஒன்றே போதும். படிவம் சி என்று ஒன்று இருக்கிறது, அதில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். கணவர், மாமியார், அப்பா, அம்மா யாருடைய கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை. மனநலம் சரியில்லாதவருக்கும் 18 வயதுக்குக் குறைந்தவருக்கும் மட்டும் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும்.

சட்டம் இப்படி இருந்தும் பல இடங்களில் கணவர் கையெழுத்து கேட்கிறார்கள். பின்னால் யாராவது வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். அதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். 'படிவம் சி-யில் என் கையெழுத்து போதும் என்று தெரியும் டாக்டர்' என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் வேறு இடம் போங்கள், விவாதத்தில் ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள். கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது. மருத்துவக் காரணத்துக்காக நான் கேட்பது ஒன்றுதான்: ரத்தம் அதிகம் போகிற அந்த நாளில் உங்களைத் தூக்கி வண்டியில் ஏற்ற, விஷயம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அது நாத்தனாராகவும் இருக்கலாம்.

ரகசியம் காப்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பெயரை, விவரத்தைச் சட்டப்படி அதிகாரம் உள்ளவர் தவிர வேறு யாரிடமும் டாக்டர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். சம்மதப் படிவத்தை உறையில் போட்டு மூடி 'ரகசியம்' என்று எழுதி வைக்க வேண்டும். மற்ற பதிவேடுகளில் பெயர் வரக் கூடாது, வரிசை எண்தான் வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயத்துக்கு இது ஓரளவு பதில். ஓரளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் தெருவில் இருக்கும் நர்ஸம்மா அங்கே வேலை பார்த்தால் சட்டம் என்ன செய்யும்? பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவதில் தப்பே இல்லை.

காரணம் என்ன என்று கேட்பார்கள். நம் சட்டத்தில் கேட்டவுடனே கிடைக்கும் உரிமை என்று கருக்கலைப்பு எழுதப்படவில்லை. கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உடலுக்கோ மனதுக்கோ கடுமையான பாதிப்பு என்று டாக்டர் கருத வேண்டும், அப்படித்தான் அமைப்பு. ஆனால் கருத்தடை முறை தோற்றுப்போய் உண்டான கர்ப்பத்தால் வரும் வேதனையையே மனநலப் பாதிப்பாக 20 வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. 2021 திருத்தத்தில் 'கணவர்' என்ற இடத்தில் 'துணைவர்' என்று வந்துவிட்டது. திருமணம் ஆகாதவர்களை வேறு மாதிரி நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பும் சொல்லிவிட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரை எழுதித் தருவதைத் தகுதி பெற்ற டாக்டர் தன் கிளினிக்கிலேயே செய்யலாம். 18 வயதுக்குக் குறைந்த பெண் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுக்க வேண்டியது டாக்டரின் கடமை. ஆனால் அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்பதும் அதே 2022 தீர்ப்பில் உண்டு.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் வரும். உங்களுக்கு வேண்டும், வீட்டில்தான் வேண்டாம் என்கிறார்கள் என்றால், உங்கள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைப்பது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். டாக்டர் உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசும்போது அதைச் சொல்லிவிடுங்கள். 181 மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.

கடையில் வாங்குவது பற்றி. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஆனாலும் 2015ல் இந்தியா முழுக்க நடந்த சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகளில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்தது. அத்தனை பேரும் செத்துப்போய்விடவில்லை. மருந்து அவ்வளவு பாதுகாப்பானது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைக்காரர்கள் இதை வாங்கி வைப்பதே இல்லை. பெண் கருவைக் கலைக்கிற கொடுமையைத் தடுக்கும் கெடுபிடியில் இதுவும் மாட்டிக்கொண்டது. ஒன்பது வாரத்துக்குள் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியாது. அப்படியிருக்க இந்த மாத்திரையை ஒளித்துவைப்பதால் எந்தப் பெண் குழந்தை பிழைக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கடைகளில் கிடைக்காததால்தான் எங்கிருந்தோ வந்த அட்டை கைமாறுகிறது. மிசோப்ரோஸ்டால் ஈரக்காற்று பட்டால் வீரியம் இழக்கும், அதனால்தான் இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் வைத்து அடைக்கிறார்கள். வெட்டிக் கொடுத்த பாதி அட்டை, ஓட்டை விழுந்த அட்டை, காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரை எதையும் நம்பாதீர்கள்.

இனி நடைமுறை. முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்றை டாக்டர் முன்னிலையில் விழுங்குவீர்கள். அன்றைக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல் இருக்கலாம், லேசாக ரத்தம் படலாம். சீக்கிரமே வாந்தி எடுத்துவிட்டால் சொல்லிவிட வேண்டும். ரத்தம் பட்டுவிட்டதே என்று அடுத்த மருந்தை விட்டுவிடக் கூடாது. 24 முதல் 48 மணி நேரம் கழித்து, நம் ஊர் வழக்கத்தில் மூன்றாம் நாள், மிசோப்ரோஸ்டால் நான்கு. இதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினால் பலன் குறையும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பக்கத்துக்கு இரண்டாக அரை மணி நேரம் அடக்கி வைத்துவிட்டு மிச்சத்தை விழுங்குவது ஒரு முறை. நாக்குக்கு அடியில் வைப்பதும் பிறப்புறுப்பில் வைப்பதும் மற்ற முறைகள். எது என்று டாக்டர் சொல்வார். ஆஸ்பத்திரியிலேயே சில மணி நேரம் இருந்து போடலாம், வீடு பக்கத்தில் இருந்தால் வீட்டிலும் போடலாம்.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வலியும் ரத்தப்போக்கும் தொடங்கும். விலக்கு வலியைவிடக் கூடுதலாக இருக்கும், விட்டு விட்டு இழுக்கும். கட்டி கட்டியாகப் போகும். அந்தச் சில மணி நேரம் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் கொஞ்சம் தாங்கலாம். ஆறு வாரத்தில் கரு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பார்த்தால் பிள்ளை உருவம் தெரியுமோ என்று கேட்கிறார்கள், தெரியாது. வலிக்கு இபுப்ரூஃபென் நன்றாகக் கேட்கும், மாத்திரையின் வேலையையும் கெடுக்காது. அல்சர், ஆஸ்துமா இருந்தால் வேறு கேட்டுக்கொள்ளுங்கள். வலி வரட்டும் என்று காத்திராமல் முன்பே ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. குளிர் நடுக்கம், லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் மிசோப்ரோஸ்டாலின் குணம், ஒரு நாளில் அடங்கிவிடும். பெரிய நாப்கின் போதுமான அளவு வாங்கி வையுங்கள். கஞ்சி, மோர், இளநீர் என்று ஏதாவது குடித்துக்கொண்டே இருங்கள். பட்டினி போட வேண்டியதில்லை.

எது அளவு மீறியது? பெரிய நாப்கின் ஒரு மணி நேரத்தில் இரண்டு முழுதாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே இரண்டு நனைந்தால் உடனே கிளம்ப வேண்டும். மயக்கம் வந்தால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், நாப்கின் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். ஒரு நாள் கழிந்தபிறகும் காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் நின்றாலோ, நாற்றமுள்ள வெள்ளை பட்டாலோ தொற்று இருக்கலாம். இரண்டாவது மருந்து போட்டு 24 மணி நேரம் ஆகியும் ரத்தமே வராவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும்: மருந்து வேலை செய்யாமல் இருக்கலாம், அல்லது கரு குழாயில் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால் வைத்தியம்தான் தாமதமாகும். திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள், உயிர் முக்கியம்.

அதன்பிறகு ரத்தப்போக்கு ஒன்றிரண்டு வாரம் மெல்லக் குறைந்துகொண்டே போகும். அடுத்த விலக்கு வரும்வரை அவ்வப்போது லேசாகப் படுவதும் உண்டு. 15ஆம் நாள் வாக்கில் டாக்டரிடம் மறுபடி போக வேண்டும். உடம்பு நன்றாகிவிட்டது என்று இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். நூற்றில் 95 பேருக்கு மேல் முழுதாகக் கலைந்துவிடும். சிலருக்கு மிச்சம் தங்கும், நூற்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட கரு அப்படியே வளரும். வீட்டில் சிறுநீர்ச் சோதனை செய்து பார்ப்பதில் ஒரு ஏமாற்று உண்டு: எல்லாம் கலைந்தபிறகும் மூன்று, நான்கு வாரம் வரை இரண்டு கோடு வரலாம். அதைப் பார்த்து இன்னொரு அட்டை வாங்கிப் போடாதீர்கள். கரு நிஜமாகவே தொடர்ந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளும் யோசனையை டாக்டரிடம் பேசாமல் எடுக்காதீர்கள். மிசோப்ரோஸ்டால் பட்ட கருவுக்கு முகத்திலும் கை கால்களிலும் குறை வரும் அபாயம் கூடுதல். பெரும்பாலும் உறிஞ்சி எடுக்கும் முறையில் முடித்துவிடச் சொல்வோம்.

அந்த உறிஞ்சும் முறையை முதலிலேயே தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையால் இயக்கும் சிரிஞ்சு போன்ற கருவி, சில நிமிடங்களில் முடிந்துவிடும், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். கைக்குழந்தையோடு வீட்டில் பதினைந்து நாள் ரத்தப்போக்கோடு இருக்க முடியாதவர்களுக்கு, ஆஸ்பத்திரி தூரமாக இருப்பவர்களுக்கு அது வசதி. மாத்திரையில் கருவி உள்ளே போகாது, வீட்டிலேயே இருக்கலாம்; அதனால் அதை விரும்புபவர்களும் உண்டு. பழைய சுரண்டும் முறையை, டி அண்ட் சி என்பார்களே, அதை உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொல்லி வெகுகாலம் ஆகிறது. யாராவது அதைத்தான் செய்வேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரையும் உறிஞ்சும் முறையும் இலவசம்; உங்கள் பகுதியில் எங்கே செய்கிறார்கள் என்று 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்டுப் பார்க்கலாம்.

குழந்தை தங்காமல் போகுமா என்றால், முறையாகச் செய்த மாத்திரைக் கருக்கலைப்பால் மலட்டுத்தன்மை வராது. கர்ப்பப்பை பலவீனம் ஆகிவிடும், புற்றுநோய் வரும் என்பதெல்லாம் பேச்சுதான். பின்னால் கேடு செய்வது கவனிக்காமல் விட்ட தொற்று; அது கருக்குழாயை அடைத்துவிடும்.

உங்கள் உடம்பில் நடக்கப்போவது இதற்கு நேர் எதிர். மாத்திரை போட்டு எட்டு நாளிலேயே கூட அடுத்த கருமுட்டை வெளியாகலாம், விலக்கு வருவதற்கு முன்பே மறுபடி கர்ப்பம் ஆகலாம். பால் கொடுக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று இருந்ததால் வந்ததுதானே இப்போதைய நிலைமை? ஆறு மாதம் வரை, வேறு உணவே கொடுக்காமல், விலக்கும் வராமல் இருந்தால்தான் தாய்ப்பால் தடையாக வேலை செய்யும். 14 மாதத்தில் அதை நம்ப முடியாது. சிசேரியன் ஆனவருக்கு அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருஷமாவது இடைவெளி இருப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, பாலூட்டுபவர்களும் போடக்கூடிய சாயா மாத்திரை, காப்பர் டி எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். 15ஆம் நாள் போகும்போது கர்ப்பப்பை காலியாகிவிட்டது என்று டாக்டர் உறுதி செய்தால் அன்றைக்கே காப்பர் டி வைத்துக்கொள்ளலாம். அதற்காக இன்னொரு நாள் லீவு போட வேண்டியதில்லை. நாத்தனார் கொடுத்த அட்டையையும் முதல் தடவை போகும்போது பையில் எடுத்துப் போங்கள், என்ன மருந்து, காலாவதி ஆனதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.